மாரட் யார் வீட்டுப் பிள்ளை? கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வெள்ளைக்காரர் வம்சம் தேட மூன்று இணையச் சேவைகள்

மதுரையில் மேலமாரட் வீதி, வடக்கு மாரட் வீதி என்று பில் புத்தகத்தில் அச்சடித்து வைத்திருக்கும் கடைகள் ஏராளம். கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது வேலையைப் பார்த்த இரண்டு பேரின் பெயர்கள் அப்படியே வீதிகளோடு ஒட்டிக்கொண்டன. ஒருவர் மாரட், இன்னொருவர் பெருமாள் மேஸ்திரி. இடிக்கச் சொன்ன கலெக்டர் பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் நிற்கிறது. அவருக்கு முன்னால், 1812 முதல் 1828 வரை கலெக்டராக இருந்த ரவுஸ் பீட்டருக்கு ‘பீட்டர் பாண்டியன்’ என்ற பட்டம் இருக்கிறது. மீனாட்சி அம்மனுக்கு அங்கவடி செய்து கொடுத்த கதையும் இருக்கிறது. ஆனால் இவர்களெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள், யாரைக் கட்டினார்கள், பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டால் ஊரில் பதில் கிடையாது.

பதில் காகிதத்தில் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி லண்டனில். சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தேவாலயப் புத்தகத்திலிருந்து நகல் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து இன்னொரு நகல் லண்டனுக்குப் போகும். 1698-லிருந்து தொடங்கும் அந்த நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றை வீட்டிலிருந்தே தேட உதவும் சேவைகள் மூன்று: ஃபிபிஸ், ஃபேமிலிசர்ச், ஃபைண்ட்மைபாஸ்ட். முதல் இரண்டும் இலவசம், மூன்றாவதற்குக் காசு கட்ட வேண்டும். ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர், சரித்திர மாணவர்கள், பழைய தேவாலயங்களின் கமிட்டிக்காரர்கள் மூவருக்கும் இது உதவும்.

ஃபிபிஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்காக 1998-ல் தொடங்கிய தன்னார்வச் சங்கம் இது. தேடுவதற்கு உறுப்பினர் ஆகத் தேவையில்லை. தளத்தின் முகம் பத்து வருஷத்துக்கு முந்தைய ரயில்வே தளம் மாதிரி இருக்கும்; பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மூன்றில் வேலைக்கு ஆகிற தளம் இதுதான், காரணம் ஒரு சின்ன எண். பெயரை அடித்ததும் வருகிற வரியின் ஓரத்தில் ‘என்/2/12, எஃப் 345’ என்கிற மாதிரி ஒன்று இருக்கும். ‘என்’ என்பது தேவாலயப் பதிவு வரிசை. ‘2’ சென்னை மாகாணம் (1 என்றால் வங்காளம், 3 என்றால் பம்பாய்). ‘12’ தொகுதி எண். ‘எஃப்’ என்பது தாள் எண், பக்க எண் இல்லை. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம், ஆகவே படத்தில் தேடும்போது முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பார்க்க வேண்டும். இந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த இரண்டு தளங்களிலும் பாதி வேலை குறையும்.

எதை அடித்துத் தேடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஊர்ப்பெயரை இன்றைய எழுத்தில் போட்டால் ஒன்றும் வராது. பதிவுகளில் நம் ஊர் கடைசி ‘ஐ’ இல்லாத ‘மதுரா’. அப்படி அடித்தால் ஜாவா பக்கத்து மதுரா தீவும் சேர்ந்து வரும். மாகாணத்தைச் சென்னை என்று குறுக்கிக்கொண்டால் தொல்லை விடும். ராமநாதபுரம் ‘ராம்நாட்’, திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, பாளையங்கோட்டை ‘பாளம்கோட்டா’, திருச்சி ‘ட்ரிச்சினாப்பள்ளி’. மதுரையில் இருந்தவருக்கு மதுரையில்தான் பதிவு இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். போதகர் இல்லாத ஊரில் பிள்ளை பிறந்தால், யாராவது சுற்றுப்பயணம் வருகிற வரைக்கும் ஞானஸ்நானம் காத்திருக்கும். அண்ணன் தம்பி மூன்று பேருக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் என்று இருந்தால் மூன்று பேரும் ஒரே பிரசவத்துப் பிள்ளைகள் என்று எண்ணிவிடக் கூடாது. பிறந்த தேதி தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஞானஸ்நான வருஷத்தைப் பிறந்த வருஷமாக வம்ச மரத்தில் ஏற்றாதீர்கள். தொகுதிகளும் நகல் அனுப்பிய வருஷப்படி அடுக்கியவை. ஒரு வருஷம் பிந்தி அனுப்பியிருந்தால் பதிவு அடுத்த தொகுதிக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

மனிதர் பெயரில் வேறு வகைச் சிக்கல். ரவுஸ் பீட்டரில் குடும்பப் பெயர் ‘பீட்டர்’. அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், பீட்டர் என்பதே முழுப்பெயராக எழுதப்பட்ட நம் ஊர்க் கிறிஸ்தவர்களும் கொட்டுவார்கள். அரிதான முதல் பெயரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுவும் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு. பிளாக்பர்ன் கடைசியில் ‘இ’ போட்டும் போடாமலும் வரும். மாரட்டுக்கு ‘ஆர்’ ஒன்றா இரண்டா, ‘டி’ ஒன்றா இரண்டா என்று நான்கு வழி உண்டு. ஃபேமிலிசர்ச்சிலும் ஃபைண்ட்மைபாஸ்டிலும் சந்தேகமான எழுத்துக்குக் கேள்விக்குறியும், சந்தேகமான வால் பகுதிக்கு நட்சத்திரக் குறியும் போடலாம். இந்த ஒரு பழக்கம் இல்லாமல் ‘எங்கள் ஆள் பதிவில் இல்லை’ என்று முடிவு கட்டுவது அவசரம்.

ஃபேமிலிசர்ச் மார்மன் திருச்சபை நடத்துவது. கணக்குத் திறப்பது இலவசம், எந்த மதத்தவரும் திறக்கலாம். இந்தியாவுக்கு மூன்று தனித் தொகுப்புகள் உண்டு: பிறப்பும் ஞானஸ்நானமும் 1786 முதல் 1947 வரை, திருமணம் 1792 முதல் 1948 வரை, இறப்பும் அடக்கமும் 1719 முதல் 1948 வரை. முகப்பில் உள்ள பெரிய தேடல் பெட்டியில் அடித்தால் உலகமே வந்து விழும். அதைத் தொடாமல், தொகுப்புப் பட்டியலில் ‘இந்தியா’ என்று தேடி அந்தத் தொகுப்பின் உள்ளே போய் அடிக்க வேண்டும். பெற்றோர் பெயரை மட்டும் போட்டுப் பிள்ளை பெயரைக் காலியாக விட்டால் ஒரு தம்பதியின் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். இதில் ஃபேமிலிசர்ச்சை அடிக்க ஆள் இல்லை. குறை என்னவென்றால் வருவது பெரும்பாலும் சுருக்க வரி; மூலப்படம் எல்லாருக்கும் திறக்காது. கேமரா அடையாளத்தின் மேல் சாவி படம் இருந்தால், அந்தச் சபையின் குடும்ப வரலாற்று மையத்துக்கோ இணைப்பு நூலகத்துக்கோ போய்த்தான் பார்க்க முடியும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. ஃபேமிலிசர்ச்சில் உள்ள ‘குடும்ப மரம்’ யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடியது. இங்கிலாந்தில் ஒரே பெயரில் பிறந்த வேறொருவரைக் கொண்டுவந்து நம் கலெக்டருக்கு ஒட்டவைப்பது சுலபம். பதிவு வேறு, மரம் வேறு. மரத்தில் பார்த்ததைப் பதிவில் சரிபார்க்காமல் கட்டுரையில் எழுத வேண்டாம்.

ஃபைண்ட்மைபாஸ்ட் காசு வாங்கும் சேவை. அதற்குக் கட்டுகிற காசு படத்துக்காகத்தான். இந்தியா ஆபீஸ் தேவாலயப் பதிவுகள், உயில்கள், ராணுவப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் 2014-லிருந்து அங்கே வண்ணப்படமாக இருக்கின்றன. இலவசக் கணக்கிலேயே பெயர்ப் பட்டியல் தெரியும், திறக்கத்தான் பணம். ஆகவே முதலில் இலவசமாகத் தேடி, எந்தெந்தப் பதிவு வேண்டும் என்று பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். கட்டணம் பவுண்டில் என்பதால் வங்கி ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பணம் போகாது. சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கட்டிய அன்றே அதை நிறுத்திவிடுங்கள். படங்களை இறக்கும்போது கோப்புப் பெயரில் தொகுதி எண்ணும் தாள் எண்ணும் போட்டு வையுங்கள். சந்தா முடிந்த பிறகு எது எது என்று தெரியாமல் முழிப்பவர்கள் அதிகம்.

படத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? சுருக்க வரியில் விடுபடுவதுதான் வம்சம் தேடுகிறவருக்கு வேண்டியது. தகப்பனின் வேலை, ஞானஸ்நானம் கொடுத்தவர் யார், அடுத்த வரியில் யார் என்பதெல்லாம் படத்தில்தான். படத்தை வாசிக்கக் கொஞ்சம் அகராதி வேண்டும். ‘ஜே-என்-ஓ’ என்றால் ஜான், ‘ஜே-ஏ-எஸ்’ என்றால் ஜேம்ஸ், ‘டபிள்யூ-எம்’ வில்லியம். ‘ரைட்டர்’ என்பது கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த சிவில் உத்தியோகஸ்தர், கதை எழுதுகிறவர் இல்லை. ‘கண்டக்டர்’ ஆயுதக் கிடங்கைப் பார்க்கிற ராணுவப் பதவி. டிக்கெட் கிழிக்கிறவர் என்று எண்ணிச் சிரித்துவிட்டுத் தாண்டிவிடக் கூடாது. ‘இன்வாலிட்’ பென்ஷன் வாங்குகிற சிப்பாய். ‘ரெலிக்ட்’ விதவை. ‘நேச்சுரல் சன்’ என்றால் மணமாகாத உறவில் பிறந்த மகன். ‘ஈஸ்ட் இந்தியன்’, ‘இண்டோ பிரிட்டன்’ இரண்டும் இன்று நாம் ஆங்கிலோ இந்தியர் என்கிற கலப்பு வம்சத்தவர். அந்தக் காலத்தில் ‘ஆங்கிலோ இந்தியன்’ என்று எழுதினால் இந்தியாவில் வாழும் சுத்த வெள்ளைக்காரர் என்று பொருள். 1911 மக்கள் கணக்கெடுப்பின்போதுதான் அரசு அதைக் கலப்பு வம்சத்தவருக்கு மாற்றியது. இது தெரியாமல் 1840-ஆம் வருஷத்துக் காகிதத்தைப் படித்தால் தாத்தாவின் சாதியே மாறிவிடும்.

மூன்று சேவைகளுமே கைவிடுகிற இடம் ஒன்று உண்டு: தாய். ஆரம்ப காலத்தில் இங்கே வந்தவர்கள் பலர் நம் ஊர்ப் பெண்ணோடு குடித்தனம் நடத்தியவர்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த வரியில் தகப்பனின் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். தாய் என்ற இடத்தில் ‘சுதேசிப் பெண்’ என்றோ, வெறும் கோடோ இருக்கும். எத்தனை நட்சத்திரக் குறி போட்டுத் தேடினாலும் எழுதாத பெயர் வராது. அங்கே பார்க்க வேண்டியது உயில். ஃபைண்ட்மைபாஸ்டில் உயில் தொகுப்பு தனியாக இருக்கிறது. பெயரைப் பதிவுகளில் மட்டும் தேடிவிட்டு அதைத் திறக்காமல் விடுகிறவர்கள் அதிகம். ‘என்னோடு வாழும் இன்னாருக்கு மாதம் இத்தனை வராகன்’ என்று எழுதுகிற இடத்தில் பெயர் வர வாய்ப்பு உண்டு. ஆங்கிலேயர் காதில் விழுந்த மாதிரி எழுதிய தமிழ்ப் பெயர் அது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் முத்தம்மாளா மூக்கம்மாளா என்று பிடிபடும். தொகை நட்சத்திர வராகனில் இருந்தால் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்று பெருக்கிக்கொள்ளலாம். 1818-க்குப் பிறகு சென்னை மாகாணக் கணக்கு ரூபாய்க்கு மாறிவிட்டது.

அமெரிக்கன் கல்லூரி, பசுமலை, கொடைக்கானல் பக்கத்து மிஷனரிக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் இந்த மூன்று தளங்களை நம்பிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டது இல்லை. அவர்கள் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1838-ல் வந்த பிரெஞ்சு ஏசு சபையினருக்குக் கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர் ஆவணக்காப்பகம். கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். பிரெஞ்சும் லத்தீனும் கொஞ்சமாவது தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது.

உத்தியோகத்தில் இருந்தவராக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. சென்னை சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு 1741 முதல் 1858 வரை பிரின்செப் தொகுத்த பணிப்பட்டியலும், ராணுவ அதிகாரிகளுக்கு 1760 முதல் 1834 வரை டாட்வெல், மைல்ஸ் இருவர் தொகுத்த பட்டியலும் இணைய ஆவணக் கிடங்குகளில் இலவசமாக இறக்கலாம். எந்த வருஷம் எந்த ஊரில் இருந்தார் என்று அதில் பார்த்துக்கொண்டு பிறகு ஞானஸ்நானம் தேடினால், ஆயிரம் பெயரில் துழாவ வேண்டியதில்லை. கல்லறை வாசகங்களுக்கு ஜே. ஜே. காட்டன் 1905-ல் தொகுத்த பட்டியல் இருக்கிறது. கல் உடைந்துபோன இடங்களில் அவர் எழுதிவைத்ததுதான் மிச்சம். கலெக்டராகச் செய்த காரியங்கள் வேண்டுமென்றால் மதுரை ஜில்லாப் பழைய கடிதக் கட்டுகள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அங்கே குடும்ப விஷயம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். லீவு கேட்டு எழுதிய கடிதத்தில் ‘மனைவிக்கு உடம்பு சரியில்லை’ என்று ஒரு வரி வந்தால் அதுவே பெரிது.

மதிப்பெண் போடச் சொன்னால் ஃபிபிஸுக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது தளத்தின் முகத்துக்காக. ஃபேமிலிசர்ச்சுக்கு மூன்றரை. ஃபைண்ட்மைபாஸ்டுக்கு, பட்டியலோடு போகிறவருக்கு நாலு, பட்டியல் இல்லாமல் போகிறவருக்கு இரண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் சொந்த அட்டவணையை இதில் சேர்க்கவில்லை. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் படுத்த அந்தத் தளம் எழுந்து நிற்க வெகுகாலம் ஆயிற்று.

உள்ளூரிலேயே தொடங்க நினைப்பவர்களுக்கு: மதுரை செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில்தான் ரவுஸ் பீட்டரின் கல்லறை இருக்கிறது. ஆராதனை இல்லாத நேரத்தில் அனுமதி கேட்டுப் போங்கள். கல்வெட்டைச் சுண்ணாம்பு தேய்த்தோ எண்ணெய் தடவியோ படிக்க முயல வேண்டாம், கல் கெட்டுவிடும். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல், வெயில் சாய்வாக விழும்போது போனை ஒரு பக்கமாகப் பிடித்துப் படம் எடுங்கள். உள்ளே வெளிச்சம் இல்லையென்றால் ஒரு டார்ச்சைக் கல்லை ஒட்டித் தாழ்த்திப் பிடித்தால், தேய்ந்த எழுத்துக்கும் நிழல் விழும்.