மறுபடியும் ரத்தம் பட்டால்: ஸ்கேனா, பைப்பெல்லா, ஹிஸ்டெரோஸ்கோப்பியா?

அம்மாவுக்கு 64 வயது. மாதவிடாய் நின்று 12 வருடம் ஆகிறது. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கிய மறுநாள் ரத்தம் பட்டது. "உடம்புச் சூடுதான்" என்று இளநீர் குடித்துக்கொண்டு, ஒரு வாரம் எங்களிடம் வாயே திறக்கவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தோம். கருப்பையின் உள்சவ்வு 3 மில்லிமீட்டர். வறட்சி என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து மறுபடியும் பட்டது.

முதல் தடவைக்கு ஸ்கேன் போதும் என்பதை ஏற்கிறேன். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்த அளவை நம்ப முடியாது. அந்த மாத்திரையே சவ்வைத் தடிக்க வைக்கும்.

ரத்தம் திரும்பி வந்துவிட்டால் மெல்லிய சவ்வு என்று ஆறுதல் கொள்ள முடியாது. அரிதாகச் சில புற்றுநோய்கள் மெலிந்த சவ்விலும் வரும் என்பதால், அளவு என்னவானாலும் திசுவைப் பரிசோதிக்க வேண்டும். போன வருட பேப் ஸ்மியர் நன்றாக இருந்ததே என்று அம்மா கேட்டார். அது கருப்பை வாய்க்கான சோதனை, உள்ளே இருப்பதைச் சொல்லாது.

பைப்பெல் என்பது மெல்லிய உறிஞ்சுகுழாய். கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் முடியும், மயக்க மருந்து வேண்டாம். அக்கா அதையே சொன்னாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குழாய் எங்கே படுகிறதோ அந்தத் திசுதான் வரும். ஒரு மூலையில் சின்னதாகத் தொங்கும் பாலிப் என்ற சதை வளர்ச்சியை உரசாமலே வெளியே வந்துவிடலாம். மெலிந்த சவ்வில் சோதிக்கப் போதுமான திசு கிடைக்காமல் போவதும் சகஜம். புற்றுநோய் என்று அதில் வந்தால் நம்பலாம். ஒன்றுமில்லை என்று வந்து, ரத்தமும் நிற்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹிஸ்டெரோஸ்கோப்பியில் கேமரா உள்ளே போகிறது. சந்தேகப்பட்ட இடத்தைக் கண்ணால் பார்த்தே திசு எடுக்கலாம், பாலிப் இருந்தால் அப்போதே நீக்கலாம். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, அரசு மருத்துவமனையில் சில வாரம் காத்திருந்து அம்மாவுக்கு இதைத்தான் செய்தோம். கருப்பையின் மேல் மூலையில் உளுத்தம்பருப்பு அளவில் ஒரு பாலிப் இருந்தது. எடுத்தார்கள், புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. ஸ்கேனில் அது தெரியவே இல்லை.

அபூர்வமாகக் கருப்பைச் சுவரில் துளை விழலாம் என்று முன்பே எச்சரித்தார்கள். மயக்கம் கொடுக்காமலும் இதைச் செய்கிறார்கள். அம்மாவுக்கு மயக்கம் கொடுத்ததால் அந்த வலியைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. இதய நோயால் மயக்க மருந்துக்கு அஞ்சுகிறவர்களும், தேதி வெகுதூரம் தள்ளிப்போகிறவர்களும் முதலில் பைப்பெல் எடுத்துக்கொள்ளலாம். அதன் முடிவு நன்றாக இருந்தாலும், ரத்தம் இன்னொரு முறை பட்டால் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.