ஈமேக்ஸின் வெளியீட்டுச் சாளரம்: பழக்கினால் பயன் தரும்

ஈமேக்ஸ் எடிட்டரில் நிரலைக் கம்பைல் செய்யும்போது (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும்போது) பிழைச்செய்திகள் தனிச் சாளரத்தில் வந்து விழுகின்றன. ஆனால் அது எந்தப் பக்கம் திறக்கும் என்பதைப் புதியவர்களால் ஊகிக்க முடியாது. சாளரங்கள் எங்கே திறக்க வேண்டும் என்பதைச் சொல்லும் 'டிஸ்ப்ளே-பஃபர்-அலிஸ்ட்' என்னும் மாறியில் (அமைப்பில்) ஒரு விதியைச் சேர்த்து, அதைத் திரையின் அடியில் கால்பங்கு உயரத்துக்குள் அடக்கிய பிறகே எனக்கு நிம்மதி பிறந்தது.

'கம்பைலேஷன்-ஸ்க்ரோல்-அவுட்புட்' மாறிக்கு 'ஃபர்ஸ்ட்-எரர்' என்ற மதிப்பைக் கொடுத்தால், வெளியீட்டோடு நகர்ந்துகொண்டிருக்கும் சாளரம் முதல் பிழை தோன்றும் இடத்தில் தானாக நின்றுவிடுகிறது. இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். அந்தப் பிழை வரியில் என்டர் விசையை அழுத்தினால் மூலநிரலின் உரிய இடத்துக்கே போய்விடலாம்.

எழுத்துக்கு நிறம் தரக் கம்பைலர் அனுப்பும் வண்ணக் குறிகள்தாம் தொல்லை: அவற்றை நிறங்களாக மாற்ற ஈமேக்ஸின் 28ஆம் பதிப்பில் வந்த வடிகட்டியை நாமே இணைக்காதவரை, அவை பொருளற்ற எழுத்துகளாக இறைந்து கிடக்கின்றன.