வாங்காத செல்போனுக்கு மனைவி பெயரில் கடன்: தவணைக்குப் பொருள் எடுத்தவர்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை உடனே எடுத்துப் பாருங்கள்

என் மனைவி கண்ணால்கூடப் பார்க்காத ஒரு செல்போனுக்கு அவள் பெயரில் 42,000 ரூபாய் கடன் இருந்தது. 2025இல் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அதற்குள் அந்தக் கடன் மாதக்கணக்கில் கட்டப்படாமல் கிடந்து, 'ரிட்டன் ஆஃப்' (வசூலாகாத கடன்) என்று பதிவாகி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் அவளுடைய கிரெடிட் ஸ்கோரை அதலபாதாளத்துக்கு இழுத்துவிட்டிருந்தது. கடையில் தவணைக்குப் பொருள் எடுத்த ஒவ்வொருவருக்கும் இது நடக்கலாம். அதனால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

2023 தீபாவளி நேரம். சேலத்தில் ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடையில் வாஷிங் மெஷின் எடுத்தோம். வட்டியில்லாத் தவணை. கடைக்குள்ளேயே ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆதார், பான் கார்டு ஜெராக்ஸ், கேன்சல் செக் எல்லாம் வாங்கிக்கொண்டார், மனைவியை போட்டோ எடுத்தார். ஓடிபி வந்தது, சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, சர்வர் ஸ்லோவா இருக்கு. அந்த ஓடிபி எக்ஸ்பயர் ஆயிடுச்சு. இன்னொண்ணு வரும், அதையும் சொல்லுங்க" என்றார். கூட்டம் நெரிகிற கடையில் இதைக் கேட்டு யாருக்கும் சந்தேகம் வராது. அந்த இரண்டாவது ஓடிபியில்தான் இன்னொரு கடன் உருவானது.

மெஷின் வீட்டுக்கு வந்தது. தவணைகள் வங்கிக் கணக்கிலிருந்து ஒழுங்காகப் போயின. கடைசியில் கடன் முடிந்ததற்கான சான்றான என்ஓசியும் வந்தது. இரண்டாவது கடனைப் பற்றி மட்டும் ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை, ஏனென்றால் அதில் பதிவாகியிருந்தது வேறொரு செல் நம்பர். முதல் சில தவணைகளை மோசடி செய்தவர்களே கட்டியிருக்கிறார்கள். உடனே நின்றால் கம்பெனி விசாரிக்கும், வசூல் ஆள் வீடு தேடி வருவார். சில மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால் அதற்குள் போன் எங்கோ கைமாறியிருக்கும், அந்த ஆளும் வேறு கடைக்குப் போயிருப்பார். தவணை தவறியதாக, கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனங்களுக்குக் கடன் நிறுவனம் தகவல் அனுப்பும்போது வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் அந்த எச்சரிக்கை போயிருந்தால் திருடனின் போனுக்குத்தான் போயிருக்கும். 'ஏதாவது என்றால் மெசேஜ் வருமே' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வங்கி மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், மேடம் பேர்ல ஒரு லோன் ரைட்டாஃப்ல நிக்குது. அதை முடிச்சிட்டு வாங்க" என்றார். மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து, கிரயத்துக்குத் தேதியும் எழுதியிருந்தோம். ரைட்டாஃப், அதாவது 'ரிட்டன் ஆஃப்' என்றால் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வசூலாகாத கடன் என்று கம்பெனி தன் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் அது. வாங்கியவர் கட்ட வேண்டிய பாக்கி அப்படியே நிற்கும், நம் கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் கரும்புள்ளியாக இருக்கும்.

அன்று இரவே ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தோம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஸ்கோர் இருக்கும், 300க்கும் 900க்கும் இடையில் ஓர் எண். பெரும்பாலானோர் அதோடு மூடிவிடுகிறார்கள். விஷயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. வாஷிங் மெஷின் கடன் 'க்ளோஸ்ட்' என்று சுத்தமாக இருந்தது. அதற்குக் கீழே அதே கம்பெனி, அதே தேதி, இன்னொரு கடன். மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டு, தவணை எத்தனை நாள் தாமதம் என்று எழுதியிருப்பார்கள். முதல் சில கட்டங்களில் 000. பிறகு 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போனது. முகவரி, தொலைபேசி இருக்கும் பகுதியில் எங்கள் இரண்டு நம்பர்களோடு மூன்றாவதாக யாருடையதோ ஒரு நம்பர். அந்த ஒரு வரிதான் எங்களுக்குப் பிடி கொடுத்தது. உங்கள் ரிப்போர்ட்டில் ஸ்கோர் நன்றாகவே இருந்தாலும் அந்தப் பகுதியைப் பாருங்கள். கடைசியில் 'என்கொயரி' என்று இருக்கும் பட்டியலையும் பாருங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத இடத்திலிருந்து யாராவது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தபோது கிடைத்த பதில் எங்களை இன்னும் வேதனைப்படுத்தியது. "பாதி கட்டுங்க மேடம், செட்டில்மென்ட்ல முடிச்சுத் தர்றோம்" என்றார்கள். கிரயத் தேதி நெருங்குகிற அவசரத்தில் கட்டித் தொலைத்துவிடலாம் என்று சொந்தக்காரர்களும் சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். ரிப்போர்ட்டில் 'செட்டில்ட்' (முழுக்கக் கட்டாமல் பேசி முடித்த கடன்) என்று ஏறும், அதை எந்த வங்கியும் நல்லபடியாகப் பார்ப்பதில்லை.

பணத்துக்குப் பதில் ஆவணங்களைக் கேட்டோம். கடன் விண்ணப்பம், ஒப்பந்தம், அதில் ஒட்டிய போட்டோ, பொருளின் பில் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். முதலில் இழுத்தடித்தார்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்ட பிறகுதான் வந்தது. செல்போன் பில்லில் அதே கடை, அதே நாள், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ நம்பர், கீழே 'பொருளைப் பெற்றுக்கொண்டேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் சுழித்துப் போட்ட ஒரு கையெழுத்து. என் மனைவி பள்ளிக்கூட நாளிலிருந்து தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறாள். வங்கிப் புத்தகம், பான் கார்டு, வாஷிங் மெஷின் பில் எல்லாவற்றிலும் தமிழ்க் கையெழுத்துதான். அவற்றின் நகல்களைப் பக்கத்தில் வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம்.

ஊரில் எல்லாவற்றையும் சிபில் என்கிறோம், ஆனால் இந்தியாவில் கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். தவறான பதிவைப் பற்றி அவர்களுடைய தளத்திலேயே 'டிஸ்ப்யூட்' எழுப்பலாம், கட்டணம் கிடையாது. அவர்களாகவே எதையும் அழித்துவிட மாட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்பார்கள், அது ஒப்புக்கொண்டால்தான் திருத்தம். கடன் நிறுவனத்துக்கு 21 நாள், மொத்தமாக 30 நாள் என்பது ரிசர்வ் வங்கி வைத்த கெடு. அதைத் தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் புகார் கொடுத்தவருக்கு இழப்பீடு தர வேண்டும். 2023 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை இது, 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது, கம்பெனிகளும் தானாகச் சொல்லாது.

எங்கள் முதல் புகாரை 'ஓடிபி மூலம் வாடிக்கையாளர் உறுதிசெய்த கடன்' என்று ஃபைனான்ஸ் கம்பெனியில் ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். அதை ஏற்காமல் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (வாடிக்கையாளர் குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் பதிந்தோம். இதற்கு வக்கீல் தேவையில்லை, செலவும் இல்லை. முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராமலோ வந்த பதிலில் திருப்தி இல்லாமலோ இருந்தால் போகலாம். தகவல் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து அந்த நான்கு நிறுவனங்கள்மீதும் அங்கே புகார் கொடுக்க முடியும். ஒம்புட்ஸ்மனிடமிருந்து கேள்வி போன பிறகு கம்பெனியின் பேச்சே மாறியது. பில்லில் இருந்த கையெழுத்து கடனாளியுடையது அல்ல என்று ஒப்புக்கொண்டு கடனை ரத்துசெய்தார்கள். கிரயத் தேதி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மனைக்காரர் விலையை ஏற்றிவிட்டார், அதைக் கொடுத்துத்தான் வாங்கினோம். அந்த இழப்பை யாரும் ஈடுகட்டவில்லை.

இந்தச் சமயத்தில் இன்னொரு கூட்டமும் வந்து சூழ்ந்துகொள்ளும். 'பத்தே நாளில் சிபில் கிளியர், 5,000 ரூபாய் போதும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தார்கள். மறுபடியும் ஆதாரும் பானும் ஓடிபியும் கேட்டார்கள். சரியாக எழுதப்பட்ட பதிவைப் பணம் கொடுத்து அழிக்க யாராலும் முடியாது, தவறான பதிவைத் திருத்த ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. பிரபலங்களுக்கும் இது நடக்கிறது. இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டார்கள் என்று 2022இல் வெளிப்படையாகப் புகார் சொன்னார். தொகை சின்னதாக இருப்பதால்தான் கண்ணில் படாமல் தப்பிக்கிறது.

ரிப்போர்ட் எடுக்கக் காசு ஆகுமே என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். 2017 முதல் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று எடுத்தால் வருடம் முழுக்கக் கண்காணிப்பில் இருக்கும். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, அந்தப் பயம் வேண்டாம். கட்டணத் திட்டத்தில் சேரச் சொல்லி தளத்தில் முதலில் காட்டுவார்கள், அதைத் தாண்டி இலவச ரிப்போர்ட் எங்கே என்று தேடி எடுங்கள். வீட்டில் அம்மா, அப்பா, தங்கை பெயரிலும் எடுத்துப் பாருங்கள். கடன் பக்கமே போகாதவர்களின் ஆவணம்தான் இந்த ஆட்களுக்கு வசதி, ஏனென்றால் அவர்கள் எந்தக் காலத்திலும் ரிப்போர்ட்டைப் பார்க்கப் போவதில்லை. ஜெராக்ஸ் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது ஓடிபி கேட்டால், மெசேஜில் எந்தத் தொகைக்கு என்று இருக்கிறதா என வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடன் ரத்தானதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடவும் கூடாது. நான்கில் மூன்று ரிப்போர்ட்டுகளில் அந்தப் பதிவு போய்விட்டது. ஒன்றில் மட்டும் இன்னும் 'ரிட்டன் ஆஃப்' என்றே நிற்கிறது, முப்பது நாள் கெடுவும் தாண்டிவிட்டது. நாளுக்கு 100 ரூபாய் கணக்குப் போட்டு, மனைவியின் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து மறுபடி எழுதியிருக்கிறோம். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் அந்தப் பணம் கணக்கில் ஏற வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. உங்களுக்கும் கெடு தாண்டியிருந்தால் விடாமல் கேளுங்கள்.