கொழும்பில் ‘ஃபட் ஃப்ரீஸிங்’ பக்கேஜ்: காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் “10 சிட்டிங், 5 கிழமை, வண்டி மறையும்” என்று விற்கிறார்கள். காசு கட்டியவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: முழுப்பணமும் முற்பணம், பற்றுச்சீட்டு இல்லை, இடுப்பில் மாற்றமும் இல்லை. கேட்டால் “இன்னும் ரெண்டு சிட்டிங் போடுங்க மிஸ்.”

அந்தக் கணக்கே பிழை. ஃபட் ஃப்ரீஸிங், அதாவது மெசின் வைத்துக் குளிரால் கொழுப்பைக் குறைக்கும் முறை, பொய்யில்லை. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க எஃப்டிஏ 2010இல் இடுப்பின் இரு பக்கக் கொழுப்புக்கு அதை அனுமதித்தது. தோலை விடக் கொழுப்புக் கலங்கள் குளிருக்குச் சீக்கிரம் சாகும். செத்ததை உடம்பு அகற்றி முடிக்க 2, 3 மாதம் எடுக்கும். ஒரு தடவைக்கு அந்த இடத்துக் கொழுப்புப் படை சுமார் 20–25 வீதம் மெலியும். 4 சென்ரிமீற்றர் இருந்தது 3 ஆகும், அவ்வளவுதான். தராசில் ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் திரும்ப மெசின் வைக்கக் குறைந்தது 6–8 கிழமை விட வேண்டும். கிழமைக்கு இரண்டு தரம் வைப்பவர் ஒன்றில் மெசினில் போதிய குளிரே வைப்பதில்லை, இல்லாவிட்டால் உங்கள் தோலோடு விளையாடுகிறார்.

விலை பேச முதல் வண்டியைக் கிள்ளிப் பாருங்கள். மெசினின் கப் தோலையும் அடிக்கொழுப்பையும் மடிப்பாக உறிஞ்ச வேண்டும். கையில் தடித்த மடிப்பு வராமல் வண்டி பானை மாதிரிக் கெட்டியாக நின்றால், கொழுப்பு தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. எந்த மெசினும் அங்கே போகாது. சோற்றையும் சீனித் தேத்தண்ணியையும் குறைத்து நடக்கத்தான் வேண்டும். எங்கட ஆம்பிளைகள் பலருக்கு இந்த வண்டிதான். அவர்களுக்கும் கூசாமல் பக்கேஜ் விற்கிறார்கள்.

கப்புக்கும் தோலுக்கும் நடுவில் உறையாத ஜெல் ஊறிய விரிப்பு ஒன்று போடுவார்கள். ஒருவருக்கு ஒன்று, ஒரே தரம். பைக்கற்றை உங்கள் கண் முன்னால் கிழிக்கச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்கிறவர்கள் அதைப் பாதியாக வெட்டுவார்கள், அல்லது டிஷூவில் ஸ்கேன் ஜெல்லைப் பூசுவார்கள். ஸ்கேன் ஜெல் பெரும்பாலும் தண்ணீர். அது உறைந்து தோலைப் புண்ணாக்கும். விரிப்பு சுருங்கி மடிந்தாலும் அதே காயம். குளிர் பட்டால் தோல் தடிப்பவர்கள், கிரையோகுளோபுலினீமியா (குளிரில் இரத்தப் புரதம் கட்டியாகும் நோய்), தொப்புள் ஹேர்னியா உள்ளவர்கள் கிட்டவும் போகக்கூடாது. இதைக் கேட்காமலே படுக்க வைத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

அளவு நாடாவில்தான் பெரிய விளையாட்டு. முதல் அளவு தொப்புளில், வண்டியைத் தளரவிட்டு; கடைசி அளவு நாலு விரல் மேலே, மூச்சை இழுத்து. இடையில் வியர்வைப் பட்டி கட்டினால் இறங்குவது தண்ணீர். குடித்தவுடன் திரும்பி வரும். வீட்டில் நீங்களே எடுங்கள்: காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு.

கொழுப்பைக் கரைக்கும் ஊசி இதை விட ஆபத்து. அந்த ஊசி மருந்தான டிஒக்சிகோலிக் அமிலத்துக்கு 2015இல் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி நாடிக்குக் கீழுள்ள கொழுப்புக்கு மட்டும்: புள்ளிக்கு 0.2 மில்லிலீற்றர், 1 சென்ரிமீற்றர் இடைவெளி, தடவைகளுக்கு இடையில் ஒரு மாதமாவது. நரம்பில் பட்டால் வாய் கோணும். லேபல் இல்லாத போத்தலில் இருந்து வண்டிக்கும் கைக்கும் ஏற்ற விடாதீர்கள். போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த டொக்டரா, மருந்து தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

குளிர் வைத்த இடம் சில கிழமை மரத்துப்போவது வழமை. கொப்புளமோ தோல் கறுப்பதோ வழமை இல்லை. உடைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மாதம் கழித்து, கப் வைத்த அச்சிலேயே கெட்டியாக வீங்கினால், அங்கே கொழுப்பு கூடியிருக்கிறது. அரிது, ஆனால் தானாகக் கரையாது. பெரும்பாலும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சத்திரசிகிச்சையான லைபோசக்ஷன்தான் வழி. அதன் மேல் இன்னொரு சிட்டிங் வைக்க விடாதீர்கள்.

நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்று 3 மாதத்துக்குள் போக வேண்டும். “ரிசல்ட்டுக்கு மூணு மாதம் பொறுங்க” என்பதில் அந்தத் தவணையும் ஓடிவிடும். பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, திகதியோடு படம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு முதல் மாதமே சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.