மண் தொட்டியா, தண்ணீர்ச் சாடியா, பாசிச் சுவரா? வீட்டுக்குள் பச்சை கொண்டுவரும் வழிகள்

செடி வாங்கப் போகிறவர்கள் செடியைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அது நிற்கப்போகிற மூலையை. உச்சிவெயிலில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் இருக்கும். நேர்வெயில் விழாத ஜன்னலோரத்தில் அது சில ஆயிரமாகிவிடும். அறையின் நடுவில் நூறு, இருநூறு தேறினாலே அதிகம். நம் கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த இறக்கம் நமக்கு உறைப்பதில்லை.

அளக்கக் கருவி வேண்டாம். நண்பகலில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, 30 செ.மீ. உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் தனித்தனியாக அழுத்தமாக விழுந்தால் நல்ல வெளிச்சம். பெரும்பாலான செடிகள் வளரும். கையின் உருவம் மட்டும் கலங்கலாகத் தெரிந்தால் மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் பிளான்ட் போன்றவை தாக்குப்பிடிக்கும். நிழலே இல்லையென்றால் அங்கே உயிருள்ள எதையும் வைக்காதீர்கள். ஸ்நேக் பிளான்ட் இருட்டிலும் வளரும் என்பார்கள். வளராது. இலையிலும் கிழங்கிலும் சேர்த்து வைத்ததைத் தின்றுகொண்டு மாதக்கணக்கில் மெல்லச் சாகும். அதைத்தான் பிழைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

மண் தொட்டியும் தண்ணீர்ச் சாடியும்

உயிருள்ள பச்சை வேண்டுமென்றால் போட்டி இந்த இரண்டுக்கும்தான். நீண்ட காலத்துக்கு மண் தொட்டியே ஜெயிக்கும். ஆள் உயரச் செடி, பெரிய இலை, வருடத்துக்கு வருடம் கூடும் அடர்த்தி எல்லாம் மண்ணில்தான் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குள் செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சமல்ல, தண்ணீர் மிகுதி. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நிறைந்தே கிடந்தால் வேர் மூச்சு முட்டி அழுகும். அடியிலைகள் மஞ்சளாகும், மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவளும். தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள்; அதோடு கதை முடிந்தது.

இதைத் தவிர்க்க மண்கலவையிலேயே வேலை செய்ய வேண்டும். 4 பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), 3 பங்கு மண்புழு உரம், 3 பங்கு பெர்லைட் (பொரிபோன்ற வெள்ளைக் கல்துகள்) அல்லது பருமணல் என்ற அளவு இலைச்செடிகளுக்குப் பொருந்தும். வெறும் தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டால் சில மாதத்தில் செங்கல்லாக இறுகிவிடும். தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பழைய நம்பிக்கை, தவறானதும்கூட. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடுக்குள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மண்ணின் கடைசி அடுக்கிலேயே தங்கும். ஜல்லி போட்ட அளவுக்கு அந்தச் சொதசொத அடுக்கு வேருக்கு அருகே ஏறிவருகிறது. ஓட்டையை அடைக்க ஒரு சிறு வலைத்துண்டு போதும். தொட்டி, வேர்க்கட்டியைவிட 3 முதல் 5 செ.மீ. மட்டும் அகலமாக இருக்கட்டும். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் நட்டால், வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து புளிக்கும்.

சுட்ட மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளிவிடும், அதனால் கை தாராளமாக ஊற்றுபவர்களுக்கு ஏற்றது. ஊற்ற மறப்பவர்களுக்குப் பிளாஸ்டிக்கோ பளபளப்புப் பூசிய பீங்கானோ மேல். இதை அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தண்ணீருக்கு நாள்கணக்கு வைக்காதீர்கள். விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்தட்டில் வழியும்வரை ஊற்றி, அரை மணியில் தட்டைக் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர்ச் சாடியில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. மணி பிளான்ட் கொடியில் 15 முதல் 20 செ.மீ. துண்டை, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, குறைந்தது இரண்டு கணுக்கள் மூழ்கும்படி வையுங்கள். வேர் கணுவில் மட்டுமே வரும்; கணு இல்லாத காம்பு எத்தனை நாள் நின்றாலும் வேர்விடாது. இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை நுனிகள் தெரியும். வேர் பிடித்த பிறகு மாதம் ஒருமுறை, திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் கால்பங்கு மட்டும். அதிகம் போனால் செடிக்கு முன்னால் பாசிதான் வளரும்.

வாரம் ஒருமுறை நீரை மாற்றுவது கட்டாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைக்க ஏழு முதல் பத்து நாள் போதும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஏனென்றால் அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சாடியின் உட்சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். பிரஷ்ஷால் தேய்த்தாக வேண்டும். கழுத்து குறுகிய பாட்டில் பார்க்க அழகு, தேய்க்கக் கை நுழையாது. அகலவாய்ச் சாடியே புத்திசாலித்தனம். கண்ணாடி பழுப்பாகவோ அடர்பச்சையாகவோ இருந்தால் பாசியும் குறையும். இன்னொன்று: ஒரு வருடம் தண்ணீரில் இருந்த கொடியை மண்ணுக்கு மாற்றினால் பெரும்பாலும் வாடும். நீர்வேர் மண்ணுக்குப் பழகியதல்ல. மாற்றுவதாக இருந்தால் வேர் 5 செ.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதற்காக இரண்டில் எதையும் வாங்க வேண்டாம். அந்தப் பேச்சு 1989-இல் நாசா செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. அது மூடிய சிறு அறைகளுக்குள் நடந்த சோதனை. சாதாரண வீட்டின் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று 2019-இல் வந்த மறுபரிசீலனை கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்தால் வேலை முடிந்தது.

சுவரில் என்றால்

உயிருள்ள சுவர்த்தோட்டம் படத்தில் காண்பதுபோல் சும்மா நிற்பதில்லை. மண் நிரப்பிய பைகள் ஒரு வகை. மண்ணே இல்லாமல் கம்பளிபோன்ற ஃபெல்ட் துணியில் வேர்விட்டு, மேலிருந்து சத்துநீர் சொட்டுவது இன்னொரு வகை. பிரான்சின் தாவரவியலாளர் பாட்ரிக் பிளாங்க் பரவலாக்கிய முறை இது: உலோகச் சட்டம், அதன்மேல் 10 மி.மீ. பிவிசி பலகை, அதன்மேல் ஃபெல்ட். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கும். அதை மிச்சம்பிடித்து நேரே சுவரில் அடித்தால் ஒரு மழைக்காலத்துக்குள் பூச்சு உப்பி உதிரும். இரண்டு வகையிலும் நீர் கீழ்நோக்கி இறங்குவதால் மேல்வரிசை காயும், கீழ்வரிசை ஊறும். வறட்சி தாங்குவதை மேலேயும், பெரணி வகைகளைக் கீழேயும் நடுவதே தீர்வு. ஃபெல்ட் முறையில் பம்ப் நின்றால் சேமிப்பு எதுவும் இல்லை, ஓரிரு நாளில் வாடத் தொடங்கும். மின்சாரமும் வடிகாலும் அருகில் இல்லாத சுவருக்கு இது வேண்டாம்.

சுவரில் ஒட்டும் பதப்படுத்திய பாசி (மாஸ்) இதற்கு நேர் எதிர். கிளிசரின் ஏற்றிச் சாயமிட்ட, உயிரற்ற பொருள் அது. பந்துபந்தாக மென்மையாக இருக்கும் ரெயின்டீர் மாஸ் உண்மையில் பாசிகூட அல்ல, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். நீர் வேண்டாம், ஒளி வேண்டாம். வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறு, காய்ந்திருக்கிறதே என்று தண்ணீர் தெளிப்பது. சாயமும் கிளிசரினும் சேர்ந்து கசிந்து சுவரில் வழியும். அதற்குத் தேவை அறைக்காற்றின் ஈரப்பதம், ஏறக்குறைய 40 முதல் 60 சதவீதம். அதற்கு வெகுவாகக் கீழே போனால் தொட்டதும் நொறுங்கும். காற்று ஈரமானால் தானே இளகிவிடும். ஏசி காற்று நேராக வீசும் இடம், குளியலறை, வெயில் விழும் சுவர் மூன்றும் ஆகாது. நிழல் சோதனையில் தோற்ற நடைவழிக்கு இதைவிட நல்லது இல்லை.

பிளாஸ்டிக் செடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா இலையும் ஒரே அச்சு, அதுதான் காட்டிக்கொடுக்கும். கை எட்டாத உயர அலமாரிக்கு வைக்கலாம், தூசி துடைக்க ஏணி எடுக்கத் தயாரென்றால்.

செடியே இல்லாமல்

1984-இல் ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் ஜன்னல்வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே எடுத்தார்கள். அந்த அறைகளில் செடி வைத்ததால் வந்த பலன் அல்ல அது. வெளியே ஒரு கிளையாவது தெரிகிற ஜன்னல் உங்களிடம் இருந்தால், அதை மறைக்கும் அலமாரியை நகர்த்தி, கனத்த திரைக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணி போட்டு, நாற்காலியை அந்தப் பக்கம் திருப்புவதுதான் இந்தப் பட்டியலிலேயே பலன் அதிகமுள்ள வேலை. எத்தனை தொட்டி வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

மரச்சாமான் விஷயத்தில், எண்ணெய் மட்டும் தேய்த்த மரம் கைக்கும் கண்ணுக்கும் மரமாகவே இருக்கும். ஆனால் தொட்டியை நேராக வைத்தால் வட்டக்கறை விழும், இடையே ஒரு தக்கைத் தகடு வேண்டும். மரம்போல் அச்சிட்ட தாள் ஒட்டிய பலகைக்கு அந்தக் கவலை இல்லை. ஓரம் உரிந்தால் திருத்தவும் முடியாது.

கைக்குழந்தையோ பூனையோ இருந்தால் கணக்கு மாறும். மணி பிளான்ட், பீஸ் லில்லி, டிஃபன்பேக்கியா இலைகளில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து வீங்கும். அவற்றுக்குப் பதில் ஸ்பைடர் பிளான்ட், அரிக்கா பாம், பாஸ்டன் ஃபெர்ன் வையுங்கள். பூனை வீட்டில் பூச்சாடியில்கூட லில்லிப் பூ வேண்டாம். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.