ரெனவேட்: சொந்த சர்வரில் ஓட்ட நினைப்பவர்களுக்கு

பழைய வெர்ஷனில் தேங்கிக் கிடக்கும் லைப்ரரிகளைத் தேடிப் பிடித்து, தானே புல் ரெக்வெஸ்ட் (பிஆர், அதாவது மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போடும் கருவிகளில் ரெனவேட்டுக்குத்தான் முதலிடம் கொடுக்கத் தோன்றுகிறது. என்பிஎம், பிப், மேவன், கோ மாட்யூல், டாக்கர்ஃபைல், ஹெல்ம், டெர்ராஃபார்ம் என்று பேக்கேஜ், கட்டமைப்புக் கருவிகளின் ஃபைல்கள் எதையும் சொல்லிக்கொடுக்காமலே படித்துக்கொள்கிறது. ஓப்பன் சோர்ஸ், ஏஜிபிஎல் உரிமம். ஆனால் நிறுவிய புதிதில் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று புலம்ப வைப்பதும் இதுதான்.

இது எந்நேரமும் ஓடும் சர்வீஸ் இல்லை. டாக்கர் இமேஜை ஓட்டினால் ரெப்போக்களை (கோடு இருக்கும் களஞ்சியங்களை) ஒரு சுற்று பார்த்துவிட்டு நின்றுவிடும். அடுத்த சுற்றுக்கு கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) வேண்டும். கான்ஃபிகில் எழுதும் ஷெட்யூல் அதை எழுப்பாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய பிராஞ்ச் போடலாமா கூடாதா என்று மட்டுமே சொல்லும். ஷெட்யூலில் "திங்கள் காலை 4 மணிக்கு முன்" என்று எழுதிவிட்டு கிரானை 6 மணிக்கு வைத்தால், எத்தனை வாரம் காத்திருந்தாலும் அப்டேட் பிஆர் வராது. டைம்ஸோன் கொடுக்காவிட்டால் அந்த 4 மணி யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கு. கிரானை மணிக்கொரு தடவை ஓடவிட்டு, கட்டுப்பாட்டை ஷெட்யூலிடம் விடுவதே நிம்மதி.

அடுத்த சிக்கல் டோக்கன், அதாவது ரெப்போவை அணுக ரெனவேட்டுக்குத் தரும் ரகசியச் சாவி. கிட்லேபில் ஓட்டினால், ரெனவேட் பாட் (தானியங்கி) பெயரில் தனி அக்கவுண்ட், டெவலப்பர் ரோல், ஏபிஐ ஸ்கோப் உள்ள டோக்கன் போதும் என்று நினைப்போம். கிட்ஹப் டோக்கன் ஒன்றும் கூடவே வேண்டும். ரிலீஸ் நோட்ஸ் அங்கிருந்துதான் வருகிறது. டோக்கன் இல்லாமல் கேட்டால் மணிக்கு 60 கோரிக்கைதான், கொடுத்தால் 5,000. எந்த அனுமதியும் இல்லாத, வெறும் படிக்கும் டோக்கனே போதும்.

ரெப்போக்களைத் தானே தேடிப் பிடிக்கும் ஆட்டோடிஸ்கவரை ஆன் செய்யும்போது ஃபில்டரையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லையென்றால் பாட் அக்கவுண்ட் எட்டும் ரெப்போ அத்தனையிலும் ஆன்போர்டிங் பிஆர் (ரெனவேட்டின் கான்ஃபிக்கைச் சேர்க்கச் சொல்லும் முதல் பிஆர்) போய் நிற்கும், சக ஊழியர்களின் அர்ச்சனை உங்களுக்கு. முதல் ஓட்டத்தை டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) 'ஃபுல்', லாக் லெவல் 'டீபக்' என்று வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆன்போர்டிங் பிஆரை மெர்ஜ் செய்யும்வரை அந்த ரெப்போவில் வேறெதையும் தொடாது.

டிஃபால்ட்கள் நிதானமானவை: மணிக்கு 2 பிஆர், ஒரே சமயத்தில் 10. பல வருடம் கவனிக்காத ரெப்போவில் இந்தப் பத்தும் சில மணி நேரத்திலேயே நிரம்பி, மீதி எல்லாம் டிபெண்டன்சி டாஷ்போர்டில் (அப்டேட்களைப் பட்டியலிடும் இஷ்யூ) வரிசை கட்டும். லிமிட்டை ஏற்றுவது தீர்வில்லை, ஒவ்வொரு பிஆரையும் சோதிக்கும் சிஐ ரன்னர்தான் திணறும். மைனர், பேட்ச் என்ற சிறிய வெர்ஷன் மாற்றங்கள் இரண்டையும் பேக்கேஜ் ரூல்ஸில் ஒரே குரூப்பாக்குங்கள். பெரிய மாற்றமான மேஜரைத் தனித்தனியாக விடுங்கள். மினிமம் ரிலீஸ் ஏஜை (வெளியானபின் காத்திருக்கும் காலம்) '3 டேஸ்' என்று வைப்பதும் அவசியம். வெளியான வேகத்திலேயே திரும்பப் பெறப்படும் வெர்ஷன்களும், விஷமேற்றிய பேக்கேஜ்களும் பெரும்பாலும் அதற்குள் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

உள் ரெஜிஸ்ட்ரி (நிறுவனத்தின் சொந்தப் பேக்கேஜ் கிடங்கு) வைத்திருப்பவர்கள், அதற்கான லாகின் விவரத்தைக் கொடுக்கும் ஹோஸ்ட் ரூல்ஸைத் தவறவிடக் கூடாது. விட்டால் பேக்கேஜ் ஃபைலில் வெர்ஷன் மாறியிருக்கும், துல்லியமான வெர்ஷன்களைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைல் (lock file) அப்படியே இருக்கும், பிஆரில் "ஆர்டிஃபேக்ட் அப்டேட் ப்ராப்ளம்" என்று கமெண்ட் விழும். அதை வெர்ஷன் மோதல் என்று நினைத்து மணிக்கணக்கில் தேட வேண்டாம். பலமுறை அது வெறும் லாகின் கோளாறுதான்.

கேஷ் ஃபோல்டரை வால்யூமாக மவுண்ட் செய்தால் ஒவ்வொரு சுற்றும் ரெஜிஸ்ட்ரியைப் புதிதாகக் கேட்காமல் வேகமாக முடியும். கண்டெய்னர் ரூட் யூசரில் ஓடாது என்பதால் ஃபோல்டர் பெர்மிஷனை முன்கூட்டியே சரிசெய்யுங்கள்.

பெரிய குறை, பாதுகாப்பு எச்சரிக்கை. கிட்ஹப் அலர்ட்டுகளைப் படிக்கும் வசதி கிட்லேபில் உதவாது. அங்கே ஓஎஸ்வி (ஓப்பன் சோர்ஸ் ஓட்டைகளின் தரவுத்தளம்) அலர்ட்டைத் தனியாக ஆன் செய்ய வேண்டும், அதுவும் நாமே சேர்த்த நேரடி டிபெண்டன்சிகளை மட்டுமே பார்க்கும். அவற்றுக்குள் ஆழத்தில் கிடக்கும் ஓட்டைகளையும் கண்காணிக்க வேண்டுமென்றால் டிபெண்டன்சி-டிராக் என்ற கண்காணிப்புக் கருவியைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். ஆனால் அது எச்சரிக்கும், பிஆர் போடாது.