கும்மியில் பாட்டெடுப்பவருக்குக் கார்டுலெஸ் மைக்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் முளைப்பாரித் திருவிழா நாட்களில் இரவு எட்டு மணிக்குமேல் கும்மி தொடங்கும். பாட்டெடுத்துக் கொடுப்பவரும் வட்டத்தில் சேர்ந்து இரு கைகளையும் கொட்டி ஆடுவதால் அவரால் மைக்கைப் பிடிக்க இயலாது. பல ஆண்டுகளாக ஒரு பையன் மைக்கை நீட்டியபடி அவருக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தான். வயர் காலில் சுற்றி அவன் விழுந்த இரவுகளும் உண்டு. அந்த ஓட்டத்துக்கு முடிவு கட்டவே மூன்று ஆண்டுகளுக்கு முன் கார்டுலெஸ் மைக் வாங்கினோம்.

முதலில் வாங்கியது, கைப்பேசியில் வீடியோ எடுப்பவர்கள் சட்டையில் செருகிக்கொள்ளும் சிறிய காலர் மைக். விலை 1,800 ரூபாய். வீட்டில் சோதித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. களத்தில் இறங்கியதும், எல்லாத் திசை ஒலியையும் ஒன்றுபோல் வாங்கும் அந்த மைக்கில் பாட்டைவிடக் கைகொட்டும் ஓசையே ஓங்கி நின்றது. குனிந்து நிமிரும்போதெல்லாம் தாலிச் சங்கிலி அதன்மேல் உரசி, கூம்பு ஸ்பீக்கரில் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் ஊளையிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஓரடிப் பாட்டு விழுங்கப்பட்டதுதான். அந்த இடம் தொலைவில் இருந்திருந்தால் உடனே விளங்கியிருக்கும். மைக் செட் மேசைக்கு மிக அருகில் வரும்போதுதான் பாட்டு அறுந்தது. வட்டத்தின் உள்பக்கம் பார்த்து ஆடுபவர் அங்கே வரும்போது மேசைக்கு முதுகைக் காட்டுகிறார், மைக்கோ மார்பில் இருக்கிறது. அது வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். அதே அலைவரிசையில்தான் வைஃபையும் புளூடூத்தும் நெருக்கியடிக்கின்றன. மேசைக்கடியில் கிடந்த, மைக் அனுப்பும் அலையை வாங்கும் ரிசீவரை எடுத்து ஆள் உயரத்துக்கு மேல் கம்பத்தில் கட்டியதும் பாதித் தொல்லை தீர்ந்தது. எந்த மைக் வாங்கினாலும் இதை முதலில் செய்யுங்கள், இதற்குக் காசு செலவில்லை.

அடுத்த ஆண்டு 14,000 ரூபாயில், இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவரும் இடுப்பில் செருகி ஒலியை அலையாக அனுப்பும் பெல்ட் பேக்கும் கொண்ட யூஎச்எஃப் ஹெட்செட் வாங்கினோம். இது வேலை செய்யும், 600 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையின் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் அது பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். நீண்ட அலை ஆட்களைச் சுற்றி வளைந்து வந்துவிடுவதாலும், இரு ஆன்டெனாக்களில் நன்றாகக் கிடைப்பதை ரிசீவரே தேர்ந்துகொள்வதாலும், பாட்டு அறுவது நின்றது. மார்பிலிருந்த மைக் வாயருகே வந்தது அதற்கு இணையான லாபம். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் கூடும் என்பதால், ஒலியைக் குறைத்து வைத்தும் தெளிவு கிடைத்தது; ஊளையும் அடங்கியது. மைக் முனையை உதட்டுக்கு நேரே வைக்காமல், கன்னத்தோரம் இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் மூச்சுக்காற்று அடிக்காது.

ஆனால் இதற்கும் ஒரு நோய் உண்டு. பெல்ட் பேக்கைப் பாவாடை நாடாவில் செருகி ஆடும்போது, குனியும் ஒவ்வொரு முறையும் நூல் போன்ற கேபிள் இழுபடுகிறது. பதினோராம் மாதத்தில், கேபிளைப் பேக்கில் செருகும் பின்னை (pin) ஒட்டிய இடத்தில் உள்கம்பி விட்டுவிட்டுத் தொட்டுக் கரகரத்தது. விற்ற கடையில், "வியர்வை பட்டதால் வந்த கோளாறு, உத்தரவாதத்தில் வராது" என்று கைவிரித்துவிட்டார்கள். இப்போது அந்தப் பின்னுக்கு அருகே கேபிளை ஒரு வளையமாகச் சுற்றிப் பேக்கோடு சேர்த்து டேப் ஒட்டுகிறோம். அதன்பின் கேபிள் போகவில்லை.

பேட்டரி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: பாதியில் மாற்ற வேண்டாமென்றால் கும்மி தொடங்கும்போதே புதுச் சோடி போட்டுவிட வேண்டும். தண்ணீர் குடிக்க நின்றால் பேக்கை அணைக்காமல் மியூட் மட்டும் செய்ய வேண்டும். ஒருமுறை அணைத்த அரை நிமிடத்தில், பக்கத்துப் பந்தலில் அதே அலைவரிசையில் பேசிய ஒருவரின் அன்னதான அறிவிப்பு எங்கள் ஸ்பீக்கரில் வந்து, பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது.

ஒரு கல்யாண வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஆடியபோது வேறொரு பாடம் கிடைத்தது. கண்ணாடி போன்ற சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் ஆத்தங்குடிக் கல் தரைக்கும் நடுவே ஒலி திரும்பத் திரும்ப மோதுவதால், சத்தத்தைக் கூட்டக் கூட்டச் சொற்கள் குழம்பின. பெரிய ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, சிறிய இரண்டைப் பட்டாலையில் (முற்றத்தை ஒட்டிய திண்ணையில்) உட்கார்ந்திருந்தவர்களுக்கு அருகிலேயே வைத்துத் தணித்துப் பாடவைத்த பிறகே பாட்டு புரிந்தது.

ஹெட்செட்டே எல்லோருக்கும் ஏற்றது என்றும் சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் பழைய பாட்டுகள் அத்தனையும் தெரிந்த ஆச்சி ஒருவர், ஜிமிக்கியோடு அது சிக்கிக்கொண்ட அன்றே, "இந்தக் கொக்கியக் கழட்டுப்பா, நான் சும்மாவே பாடிக்கிறேன்" என்று கொடுத்துவிட்டார். முழங்கால் வலியால் அவர் ஆடுவதும் இல்லை. ஆகவே அவருக்கு, முன்னால் வரும் குரலை மட்டும் வாங்கும் கையடக்கக் கார்டுலெஸ் மைக்கை ஸ்டாண்டில் பொருத்தி, முளைப்பாரிக்குப் பக்கத்தில் நாற்காலியும் போட்டுவிட்டோம். வயர் இல்லாததால் வட்டத்தில் யார் காலும் தடுக்குவதில்லை. அதை வாங்கும்போது ஹெட்செட்டோடு மோதாத அலைவரிசையா என்று கடையிலேயே இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டோம். இந்த ஆண்டு மிச்சமிருந்த பணத்தில் இன்னொரு ஹெட்செட் வாங்கலாம் என்றார்கள். நான் உதிரிக் கேபிள் இரண்டு மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.